கண்ணாடிக்கு அடியில் ஒரு வரப்பு

போன வாரம் அம்மா ஊரிலிருந்து லாரியில் போட்டுவிட்ட அரிசி மூட்டையைப் பிரித்தேன். அடியில் ஒரு கைப்பிடி நெல்லும் கலந்து கிடந்தது. பொறுக்கிப் போட்ட கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை அரிப்பு. நெல்லுச் சுணை. சொறிந்துகொண்டே இருந்தபோது தஞ்சாவூர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது நான் டிசைன் ஆபீசில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. காம்ப்ளெக்ஸின் நடுமுற்றத்தில் ஜனங்கள் சும்மா உட்கார இடமும், பார்க்க ஏதாவது கலைப்பொருளும் வேண்டும் என்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பள்ளம் தோண்டி, நிஜ நெல்லைக் கொட்டி, மேலே கனமான கண்ணாடி பதிப்போம், எல்லோரும் நெல்லின் மேல் நடக்கட்டும் என்றேன். முதலாளி கைதட்டினார். இஸ்திரி போட்ட சட்டையோடு நானே மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு, ராத்திரி முழுக்கச் சொறிந்தேன்.

திறந்த அன்று நல்ல கூட்டம். வந்து, கண்ணாடி ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டது. செக்யூரிட்டி கெஞ்சினார்: “கண்ணாடிதாம்மா, தைரியமா நடங்க.”

ஒரத்தநாட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அப்போதும் கால் வைக்கவில்லை. “நெல்லு தெரியுதுங்களே, எப்படி மிதிக்கிறது?” என்று திரும்பிப் போய்விட்டார். வயலும் களமுமாக வளர்ந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா?

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே கடை. கூத்தாநல்லூர் கமருன்னிசா அக்காவின் துப்பட்டாக் கடை. கடை காலூன்றினால் குவைத்தில் இருக்கும் கணவரைத் திரும்பி வரச் சொல்லலாம் என்று இருந்தவர். இரண்டு வாரமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வியாபாரம் எப்படிங்கக்கா?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

“நல்லாருக்கு தம்பி. நானும் ஒங்க நெல்லும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கோம். அவரு போன் பண்ணி, அங்க அடுத்த வருஷ வேலைக்கும் கையெழுத்து போட்டுடவான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?”

நான் குனிந்து கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

“வயல போட்டீங்களே, வரப்பு போட்டீங்களா?” என்றார்.

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதலாளியிடம் “ஒரு சின்ன மாற்றம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா கடைக்கு நேராக இரண்டடி அகலத்துக்கு நெல்லை அள்ளி எடுத்தோம். அங்கே வயல் மண்ணைப் போட்டு இறுக்கி, கண்ணாடியை மறுபடி பதித்தோம்.

அப்புறம் நடந்தது எதுவும் என் டிசைனில் இல்லாதது. ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த மண்ணின் மேல் மட்டும் நடந்தார்கள். இருபுறமும் கண்ணாடி தாராளமாகக் கிடக்க, எதிரே ஆள் வந்தால் இந்த முனையிலேயே நின்றார்கள்.

“நீங்க வாங்க மொதல்ல.”

“கைப்புள்ளய வச்சிருக்கீங்க, நீங்க வாங்க.”

முன்பின் தெரியாதவர்கள் முனையில் நின்று, எந்த ஊரு, நடவு ஆச்சா என்று விசாரித்துக்கொண்டார்கள். வரப்பில் நடந்து பார்க்கவே வந்தவர்களும் உண்டு. கடந்துவிட்டால் எதிரே அக்கா கடைதானே, நுழையாமல் எங்கே போவார்கள்? அக்காவின் கணவர் கையெழுத்துப் போடவில்லை. ஊர் வந்து சேர்ந்த அன்று, பெட்டியோடு முனையில் நின்று நாலு பேருக்கு வழிவிட்ட பிறகுதான் மனைவியின் கடைக்குப் போனார்.

கண்ணாடியில் கீறல் விழுந்ததென்று பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது முற்றம் முழுக்கப் பளபளவென்று கிரானைட். அக்காவும் அவரும் முன்பக்கம் பெரிய கடைக்கு மாறி நன்றாக இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். பத்துப் பேர் அகலத்துக்கு விரிந்து, போனைப் பார்த்தபடி நேராக நடக்கிறார்கள். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.