புதுப் பெட்டியில் பழைய குரல்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் வால்வு செட், திருவிழாவுக்குக் காப்புக் கட்டச் சில நாட்களே இருக்கும்போது ஊமையாகிவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் ஒயர், பியூஸ் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால் கோயில் செட்டை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

செட் என்று நாங்கள் சொன்னது, மைக்கில் பேசும் குரலைப் பெரிதாக்கிக் குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்பும் இரும்புப் பெட்டியை. உள்ளே பல்புகளைப் போல வால்வுகள் இருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் அது பேசாது. வால்வுகள் மெல்லச் சூடேறிக் கனன்று, ‘ம்ம்’ என்று ஒரு முனகல் கிளம்பிய பிறகுதான் குரல் வெளியே போகும். அதனாலேயே எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. முதலில் செட்டுக்குச் சுவிட்ச், பிறகு அம்மனுக்குச் சூடம். தீபாராதனை முடிந்து திருநீறு பூசிக்கொள்வதற்குள் செட் தயாராக இருக்கும்.

பின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு வால்வின் கண்ணாடிக்குள் பால் ஊற்றியது போல வெண்மை படர்ந்திருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கோலசிலாங்கூரில் இல்லை. கிள்ளானில் ஒரு சீனர் கடையில் முதலாளியான தவுக்கே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பாராங் லாமா லா, சுடா தாடா” என்று திருப்பிக் கொடுத்தார். பழைய சாமான், இப்போது வருவதில்லை என்று அவர் சொன்னதை மனம் ஏற்கவில்லை. பக்கத்துக் கடைகளிலும் ஏறி இறங்கினேன். எல்லாரும் கண்ணாடி அலமாரியில் இருந்த டிரான்சிஸ்டர் செட்டுகளைத்தான் கை காட்டினார்கள்.

நான் அவ்வளவு அலைந்ததற்குக் காரணம் என் மனைவி. அதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்போது என் மனைவி அம்மனிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தால், மூன்று திருவிழாவுக்கு, கரகத்தன்று மாலை அம்மன் ஊஞ்சலில் அமரும்போது, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி ஊஞ்சல் பாட்டுப் பாடுகிறேன் என்பது வாக்கு. பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. இரண்டு திருவிழா பாடிவிட்டாள். அவளுடைய குரல் உரத்த குரல் இல்லை. ஆனால் வால்வு செட்டின் வழியாகப் போனால் அதில் ஒரு கனம் வந்து சேரும், காய்ச்சின பாலில் ஆடை படிவது போல. இந்த மூன்றாவது திருவிழாதான் மிச்சம்.

இந்த வாக்கு எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். முடிப்பதற்கு முன் நாலு பேரிடம் சொன்னால் பெருமைக்காகச் செய்தது போல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தாள். ஊரார் அவள் ஆசைக்குப் பாடுகிறாள் என்றே நினைத்தார்கள்.

கோலசிலாங்கூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு புண்ணியவான் புது டிரான்சிஸ்டர் செட் ஒன்றைக் கோயிலுக்கு வாங்கித் தந்தார். ஒரு கையால் தூக்கிவிடலாம். கோயில் தலைவருக்கு ஒரே சந்தோஷம். அவர் தோட்டத்தில் பல வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். எதையும் மேற்பார்வை பார்ப்பது போலவே பார்ப்பார். செட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, காப்புக் கட்டிய அன்று மாலை என் மனைவியைப் பாடச் சொன்னோம்.

அவள் வாயைத் திறந்ததும் நான் செட்டைத் திரும்பிப் பார்த்தேன். குரல் மெலிந்து, ஓரம் கூர்மையாகி, தகரத்தை வெட்டுவது போல வந்தது. ‘ச’ வந்த இடமெல்லாம் சீறியது. நடுவில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. அவள் முதல் அடியோடு நிறுத்திவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். லோரியில் என்னோடு குலை ஏற்றுகிறவன், “மச்சான், தங்கச்சி மைக்க முழுங்குச்சா, கொசு தங்கச்சிய முழுங்குச்சா?” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய செட்டைப் பிழைக்க வைக்க முடியாது. சரி, புதுசைப் பழசு மாதிரிப் பேசவைக்கலாமே என்று இறங்கினேன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு மாலையில்தான் மின்சாரம் வரும். வந்ததும் கோயிலுக்கு ஓடுவேன். கூர்மைக்கான டிரபிள் குமிழைக் குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. கனத்துக்கான பாஸ் குமிழைக் கூட்டினால் தண்ணீர்த் தொட்டிக்குள் பேசுவது போல. கைக்குட்டையை மடித்து மைக்கில் கட்டினேன். மைக்கை மண்பானைக்குள் வைத்துக்கூடப் பார்த்தேன். அதைப் பார்த்த பூசாரி, பொங்கல் வைப்பதாக இருந்தால் அரிசியையும் போடச் சொன்னார்.

ஊளைச் சத்தத்துக்கு மட்டும் வழி கிடைத்தது. கோயில் வாசலில் இருந்த ஸ்பீக்கரை இறக்கி, நீள ஒயர் இழுத்து, லயங்களுக்கு நடுவில் இருந்த மாமரத்தில் கட்டினேன். ஊளை நின்றது. ஆனால் என் குரலே என் காதை அடைத்ததால், நான் பேசுவது எப்படி இருக்கிறது என்று கோயிலில் இருந்தபடி கேட்க முடியவில்லை. அங்கே ஓடிப்போய்க் கேட்டால், இங்கே பேச ஆள் இல்லை. கடைசியில் வீட்டு மேசைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் வைத்துவிட்டு மாமரத்துக்கு ஓடினேன். தோட்டம் முழுக்க டிக் டிக் என்று கேட்டது. அடுத்த வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏந்தம்பி, எங்களுக்கெல்லாம் நேரம் நெருங்கிருச்சுன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார். கடிகாரத்தை வைத்துப் பெண் குரலை எப்படி அறிவது? அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மனைவியையே வந்து பாடிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டாள். விரதத்தில் இருந்தாள். ஒரு வேளைதான் சாப்பாடு, பாயை விட்டுத் தரையில் படுக்கை. பாடுவது அம்மனுக்கு, ஒத்திகைக்கு இல்லை என்றாள். ஆனால் அரிசி களையும்போது அவள் கை நின்று நின்று போவதைப் பார்த்தேன். வெறும் வாயால் பாடினால் கோயில் வாசலைத் தாண்டாது. செட்டில் பாடினால் சிரிப்பார்கள். சிரித்தால் பாட்டுப் பாதியில் நின்றுவிடும், வாக்குத் தவறிவிடும். இதுதான் அவள் பயம். பிள்ளைக்கு லேசாக இருமல் வந்தாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். காலையில் திருநீறு பூசும்போதுகூட என் மனம் அம்மனிடம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் குமிழ்கள்தான் தெரிந்தன.

கரகத்தன்று மட்டும் தோட்ட மானேஜர் பகலிலும் மின்சாரம் விடச் சொல்லியிருந்தார். காலையில், பால்குடம் கிளம்புவதற்கு முன், செட்டுக்கும் பூசை. மைக்கையும் மஞ்சள் துணியில் சுற்றித் தாம்பாளத்தில் அம்மன் காலடியில் வைப்பது வழக்கம். மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, இன்னும் ஈரமாக இருந்தது. பழக்கம் போல முதலில் சுவிட்சைப் போட்டேன். சத்தக் குமிழ் ஏற்கெனவே மேலே இருந்தது. சூடாகட்டும் என்று விட்டுவிட்டுச் சூடத்தைத் தேடினேன். புதுப் பெட்டிக்குச் சூடேற வேண்டிய வேலையே இல்லை என்பது ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிய எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. அது பூசை நேரம். கை பழைய வழியிலேயே போய்விட்டது. வாசலில் உறுமி மேளம் வேறு முழங்கிக்கொண்டிருந்தது.

தாம்பாளத்துக்கு எதிரே ஓர் எட்டுத் தள்ளித் தலைவரும் நானும் நின்றோம். அவர் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, வருத்தப்படாத. சாயங்காலம் ஊஞ்சலுக்குக் கேசட்ட போட்டுருவோம் லா. உன் சம்சாரம் நல்ல பொண்ணுதான். ஆனா இந்த செட்டுல அது குரலு தகரத்துல ஆணி கீறுன மாதிரி இருக்கு. மானேஜர் வேற வர்றாரு.”

அடக்கி வைத்திருந்தது எல்லாம் என்னை மீறி வந்துவிட்டது.

“அவ ஆசைக்குப் பாடல தலைவரே. பாப்பா ஜுரத்துல கெடந்தப்ப அம்மாகிட்ட சொல்லிட்டா. மூணு திருநாளு, தோட்டமே கேக்கப் பாடுறேன்னு. ரெண்டு முடிச்சுட்டா. இத முடிக்கலன்னா அவ நெஞ்சு வெடிச்சுரும்.”

தலைவர் என்னையே பார்த்தார். “இத ஏன்யா மொதல்லயே சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னுட்டா.”

மேளக்காரர்கள் லயங்கள் பக்கம் காதைக் கொடுத்து ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடிவந்து கோயில் வாசலில் நின்றார். “தம்பி, செட்ட அடைங்க. அங்க எல்லாரும் வேலைய விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

தலைவர் தாம்பாளத்தைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மடப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஈரத் துணிகள் வாளியோடு கிடந்தன. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எல்லாத்தையும் சொல்லிட்டீங்க.”

நான் வாளியை ஓரமாக நகர்த்திவைத்தேன்.

“நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல. அது அம்மாவுக்குத் தெரியும்” என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

கூட வந்த அக்காதான் அடுத்ததைச் சொன்னார். ஆணி, தகரம் எல்லாம் கிடக்கட்டும், ஆனால் ஒன்று கேள், உன் வீட்டுக்காரர் பேசியது பழைய செட்டில் வந்தது போலவே இருந்தது என்றார். தலைவரின் கரகரப்புக்கூடக் கேட்க இதமாக இருந்ததாம். மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவளும் அதைக் கவனித்திருந்தாள். ஆமாம் என்பது போலத் தலையசைத்தாள்.

நான் அப்படியே கோயிலுக்குத் திரும்பி ஓடினேன். தாம்பாளத்தை யாரும் தொடக்கூடாது என்று பூசாரியிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. மைக் வாய்க்கு நேராக இல்லை, படுத்துக் கிடந்தது. நாங்கள் ஓர் எட்டுத் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் நின்றோம். மேலே ஈரத் துணி. சத்தம் முழுதாகத் திறந்திருந்தது. கூரான காற்றைத் துணி வாங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் விட்டிருக்கிறது. நான் கைக்குட்டை கட்டியபோதெல்லாம் வாயை மைக்கில் ஒட்டிவைத்துப் பேசியிருந்தேன்.

மாலையில் அம்மனை ஊஞ்சலில் ஏற்றினார்கள். மைக்கை நிமிர்த்தாமல் சாய்த்துக் கட்டி, மஞ்சள் துணியை மறுபடி நனைத்துச் சுற்றினேன். மனைவியை ஓர் எட்டுத் தள்ளி நிற்கவைத்தேன். கேசட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. காலையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்ட பெண்கள் முன்வரிசையில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் தூணோரம் நின்றார்.

அவள் பாடினாள். தூரத்து மாமரத்திலிருந்து குரல் சற்றுத் தாமதித்துத் திரும்பி வந்தது. முழுக்கப் பழைய செட்டைப் போல இருந்தது என்று சொன்னால் பொய். முக்கால்வாசி இருந்தது. சீறல் இல்லை. அந்தக் கனம் இருந்தது. ஆனால் பாட்டை நான் அனுபவித்தேன் என்று சொல்ல முடியாது. துணி காய்கிறதா, ஊளை வருமா, அவள் மூச்சு நிற்குமா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்து எல்லாரும் குலவை போட்டபோதுதான் என் விரல்கள் குமிழை விட்டன.

பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கடைசி லயத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தீட்டு என்பதால் இருவரும் திருவிழாவுக்கு வரவில்லை. இப்போதும் கோயில் எல்லைக்குள் வராமல் வேலிக்கு வெளியே நின்றுதான் கூப்பிட்டார்.

“அக்கா, பாட்டக் கேட்டுக்கிட்டே நின்னு சோத்தத் தீய வுட்டுட்டா எஞ்சம்சாரம். ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னா.”

மனைவி வேலியருகே போனாள். “பூராவும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா. கடைசி அடி மட்டும் கேக்கல. புள்ள வீலுன்னு கத்திருச்சு.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மனைவியின் முகம் மாறிவிட்டது. தோட்டம் முழுக்க என்று அவள் சொல்லியிருந்தாள். ஒரு வீட்டில் ஓர் அடி கேட்கவில்லை. பரவாயில்லை, அம்மனுக்குத் தெரியும் என்று நான் சமாதானம் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். நானும் போனேன்.

கையில் காப்பு இருந்ததால் தீட்டு வீட்டுப் படியை அவள் மிதிக்க முடியாது. எதிரே சாலையில், கால்வாய் ஓரமாக நின்றாள். ஜன்னலில் அந்தப் பெண் பிள்ளையோடு வந்து நின்றாள். தீய்ந்த சோற்றின் வாடை சாலை வரைக்கும் வந்தது. என் மனைவி கடைசி அடியை மட்டும் பாடினாள். பாடப் பாட என் வலக்கை தானாக எழுந்து, இல்லாத குமிழைத் தேடியது. அதைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சுக்கா” என்றது ஜன்னல்.

அதன்பிறகு வீட்டுக்கு வந்துதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.