கொழும்புக் கட்சி

எங்கள் ஊர் முனிசிபாலிட்டிக்கு எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தது. ஆனால் அது ஊரில் இல்லை, கொழும்பில் இருந்தது. ஜெர்மன் யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்திய சங்கதி இது. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் அங்கே புறக்கோட்டை ஜவுளிக்கடைகளில் வேலையாயிருந்தார்கள். அப்பாவும் அப்படித்தான். வீட்டுவரி அவர்கள் பெயரில் இருந்ததால் ஓட்டும் அவர்கள் பெயரிலேயே இருந்தது. ஓட்டுப் போடக் கப்பலேறி வந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் தேர்தல் தவறாமல் அத்தனை ஓட்டும் விழுந்தது, அதுவும் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கே விழுந்தது. தெருச் சாக்கடை தம் வீட்டு வாசல் வழியே போகக் கூடாதென்று, அதைத் தாமிரபரணியில் நாங்கள் குளிக்கும் படித்துறைக்கு மேலே திருப்பிவிட்ட புண்ணியவான் அவர்.

அந்த வருஷத் தேர்தலன்று அம்மா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், பெட்டியைத் திறந்து அப்பாவின் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் உடம்புக்குப் பித்தான் ஒன்றுகூட மாட்டவில்லை. சரிகைத் தலைப்பாகையை நான்தான் தேடிக் கொடுத்தேன்.

“ஏட்டி, இன்னைக்கு நான்தான் ஒங்கப்பன். எப்படி இருக்கேன்?” என்றார்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருஷந்தோறும் வேஷம் கட்டுகிறவர் அவர். இதுவும் அந்த வகை என்றே நினைத்தேன். முனிசிபாலிட்டியில் பில் கலெக்டர் வேலை வாங்கித் தருவதாக மண்டிக்காரர் சொல்லியிருந்த விஷயம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது எனக்குத் தின்னப் பொரிவிளங்காய் உருண்டை வாங்கி வந்தார். ஆற்றிலிருந்து வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவள் கோட்டை உதறி மடித்து வைத்தாள்.

சேதி கொழும்புக்கு எட்டி, அடுத்த மாதம் அங்கிருந்து சர்க்காருக்கு மனு கிளம்பியது. அப்பாதான் கடை கடையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாராம். நகலொன்று எங்களுக்கும் வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டு நடந்த நாளில் நாங்கள் எல்லோரும் கொழும்பில் கடையில் நின்றோம், எங்கள் பெயரில் வந்தவர்கள் நாங்கள் அல்ல, நியாயமாக மறு தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. அப்பா விடுகிற ஆள் இல்லை. நாலாவது மனுவுக்கு விசாரணை அதிகாரி ஒருவர் வந்து தாலுகா கச்சேரியில் உட்கார்ந்தார். மண்டிக்காரர் கூசாமல், “எல்லாரும் கப்பல்ல வந்து போட்டுட்டு மறுநாளே போயிட்டாவ எசமான்” என்றாராம். இல்லையென்று சொல்லத் தெருவில் ஒரு வீட்டுக்கும் வாய் வரவில்லை. எல்லா வீட்டிலும் ஒரு கோட்டு, ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்திருப்பார்கள் போல. மறுநாளோடு விசாரணை முடிகிறது என்றார்கள்.

மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு கச்சேரிக்கு நடந்தாள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் அதற்குமுன் கச்சேரிப் படி ஏறியதில்லை. “கேட்டா உள்ளதச் சொல்லு. பயப்படாத” என்று மட்டும் வழியில் சொன்னாள்.

“உன் புருஷன் தேர்தலுக்கு வந்தாரா?” என்று அதிகாரி கேட்டார்.

“வரல எசமான். கப்பல்ல வந்த மனுசன் வீட்டுக்கு வராமலா போவாவ? நான் அவுகளப் பாத்து ரெண்டு வருசம் ஆகுது.”

“அப்படியானால் அவர் பெயரில் ஓட்டுப் போட்டது யார்?”

அம்மா பேசவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் கை என் தோளில் விழுந்து, என்னை ஓரடி முன்னே தள்ளியது. அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நானே கணீரென்று சொன்னேன். கோட்டு, மாட்டாத பித்தான், தலைப்பாகை, பொரிவிளங்காய் வரை எதையும் விடவில்லை. குமாஸ்தா எழுத எழுத எனக்குப் பெருமை பொங்கியது.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு ஓடி, முதலில் மாமாவிடம்தான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஒங்கம்மா ஏதும் சொன்னாளா?”

“இல்ல மாமா. ரெண்டு தடவ கேட்டாவ. அம்மா வாயே தொறக்கல.”

அவர் என் தலையைத் தடவினார். “அது போதும்ட்டி” என்றார்.

வழக்கு வரும் என்ற பேச்சுக் கிளம்பியதும் மாமா நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். மறு தேர்தலுக்குக் கொழும்புக்காரர்கள் நிஜமாகவே கப்பலில் வந்தார்கள். அப்பா தம் கோட்டைத் தாமே போட்டுக்கொண்டு போனார். மண்டிக்காரர் தோற்றார், சாக்கடையும் திரும்பியது.

மாமா பிறகு ஊர் திரும்பவேயில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். அம்மாவுக்கு நான்தான் வாசிப்பேன். “ஊரே என்னைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்தது, என் தங்கச்சி மட்டும் வாய் திறக்கவில்லை” என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பார். நல்ல வரியாயிற்றே என்று அதை நான் நிறுத்தி, ராகம் போட்டு வாசிப்பேன். “மேல படி, மேல படி” என்று அம்மா ஏன் அவசரப்படுத்தினாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.