பாதி முகத்துடன் ஒரு ஷிப்ட்

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் என் அனுமதியில்லாமல் வலது ஓரமாக வழிந்தது. மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடது பாதி என்னுடையதாக இருந்தது. வலது பாதி உறங்கிக்கொண்டிருந்தது, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தபின், ஸ்பின்னிங் மாஸ்டர் (நூற்புப் பகுதியின் தலைமைப் பொறுப்பாளர்) பதவியை மூன்று மாதச் சோதனைக்காக என்னிடம் தந்திருந்தார்கள். எங்கள் மில்லில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் இருந்ததில்லை. ஐந்தாவது வாரம் முடிந்திருந்தது. அந்தப் பதவி நிலைக்குமா என்பதுதான் கண்ணாடி முன் நின்றபோது எனக்கு வந்த முதல் நினைப்பு. உயிரைப் பற்றிய நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் மருத்துவர்கள் இல்லாமலில்லை. ஆனால் மில்லைச் சேர்ந்த யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் என் கணவர் என்னை பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார். வழி முழுக்கத் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தேன்.

மருத்துவர் என்னைவிட இளையவர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பக்கம் சுருங்கவில்லை. "நல்லது" என்றார். எனக்குப் புரியவில்லை. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், வாய் மட்டும் கோணும் என்று விளக்கினார். நெற்றியும் சேர்ந்து விழுந்திருப்பதால் இது பெல்ஸ் பால்சி (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, காதுக்குப் பின்னுள்ள எலும்புக் குழாய்க்குள் நெரிபடுவது). ஆனாலும் இப்படிக் கோணினால் வீட்டில் யாரும் தாமே முடிவு செய்யக் கூடாது, அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொன்னார். உங்களுக்கும் சேர்த்துத்தான் அதை இங்கே எழுதுகிறேன். மருந்து முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

நெற்றியில் ஒரு சுருக்கம் விழாததை வைத்து, மண்டைக்குள் எது பிழைத்திருக்கிறது என்று ஒருவரால் சொல்ல முடிகிறது. பயத்தின் நடுவிலும் அது என்னை வியக்க வைத்தது.

ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) பத்து நாள். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து. படுக்கும்போது இமையை இழுத்து ஒட்டப் பிளாஸ்திரி. அதை ஒட்டுவது என் கணவரின் வேலையாயிற்று. "பாலம்மா, ஒரு கண்ண மூடித் தூங்கு, இன்னொன்ன நான் மூடுதேன்" என்பார்.

டைரி எழுதுவது எனக்குப் பழக்கம். அந்த நாட்களில் ஸ்கேல் வைத்து மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் ஓரம் வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதினேன். பத்து நாளும் ஒரே எண்கள்.

பதினோராம் நாள் வேலைக்குப் போனேன், மாஸ்க் அணிந்து. பஞ்சுத் தூசிக்காக எல்லோரும் மாஸ்க் போடும் இடம் அது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். ரிங் பிரேம்கள் (நூலை முறுக்கிச் சுற்றும் நீண்ட இயந்திரங்கள்) ஓடும் கூடத்தில் குரலுக்கு வேலையில்லை. காதருகே கத்தினாலும் பாதிதான் கேட்கும். பேசுகிறவர் மாஸ்க்கைக் கீழே இறக்குவார், எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பார். இறக்காமல் நின்றால், "உன்னோடு பேச ஒன்றுமில்லை" என்று பொருள். அதைவிடக் கடுமையான திட்டு எங்கள் கூடத்தில் கிடையாது.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. என் முகத்தை மறைக்கும் கவலையில், அது எனக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட்டேன். சொல்ல வேண்டியவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். ஆறு நாட்கள் அப்படி ஓடின. கூடம் வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதை என் நிர்வாகத் திறமை என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை பதினொன்றேகாலுக்கு மரியபுஷ்பத்தின் விரல் கிழிந்தது. செட்டியார்பட்டியிலிருந்து வருபவள், அறுந்த இழையைக் கட்டுவதில் எங்கள் கூடத்திலேயே வேகமான கை. டிராவலர் (வளையத்தில் சுற்றும் சிறு கம்பித் துண்டு) சதையை ஆழமாக அறுத்திருந்தது. முதலுதவி அறையில், இயந்திரச் சத்தம் எட்டாத இடத்தில், எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"நாலு நாளா கை மரத்துக்கெடக்கு மேடம். எதத் தொடுதேன்னே தெரியல. சொல்லத்தான் ரெண்டு மட்டம் வந்தேன். நீங்க மாஸ்க்க எறக்கல. எங்க மேல என்ன கோவமோன்னு திரும்பிப் போயிட்டேன்."

என் கை தானாகவே மாஸ்க்கை இறக்கியது. அவள் காயத்தின் மேல் பஞ்சை அழுத்திக்கொண்டு என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கா எங்கள ஆறு நாளு அலையவிட்டீக?" என்றாள். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்கு மொகம் ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. ஒரு நாளு சிரிச்சுப் பாத்ததில்ல."

நான் சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கியதும் கூடத்தின் நடுவே மாஸ்க்கை இறக்கி நின்றேன். முதலில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பேசியது அவர்களுக்குச் சரியாக எட்டவில்லை. உதடு ஒரு பக்கம்தான் அசைந்தது. அப்போது ஒருத்தி எனக்கு இடது பக்கமாக வந்து நின்றாள். இன்னொருத்தியும் வந்தாள். இரண்டு நாட்களில் கூடத்தில் இருந்த முப்பது பேரும் என்னிடம் இடப்பக்கமாகவே வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விரலில் கட்டோடு திரும்பி வந்த மரியபுஷ்பத்திடம், பாதி உதட்டை எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒதட்ட யாரு பாத்தா? புருவத்தத்தான பாப்போம். அது ஒரு பக்கம் அசையாமக் கெடந்ததாலதான் கோவம்னு நெனச்சோம். ஒங்களுக்குத் தலவலி வார நாளு எங்களுக்குத் தெரியும். அன்னைக்கு யாரும் லீவு கேக்க மாட்டோம். போன பொங்கலுக்கு மொத வாரம் வீட்டுல சண்ட போட்டுட்டு வந்தீக, தெரியும். பழைய மாஸ்டரு ஒங்கள எல்லாரு முன்னாடியும் திட்டுன அன்னைக்கு பாத்ரூம்ல அழுதுட்டு வந்தீக, அதுவும் தெரியும்."

வீட்டுக்குப் போய்ப் பழைய டைரிகளை எடுத்தேன். அவள் சொன்னவை எல்லாம் அதில் இருந்தன, யாருக்கும் தெரியாது என்று நான் நம்பி எழுதிய பக்கங்களில். பதினெட்டு வருடம் கல்லைப் போல முகத்தை வைத்திருந்ததாக நினைத்திருந்தேன். அவர்களோ தினமும் என்னைப் படித்திருக்கிறார்கள். படித்ததை ஒருபோதும் எனக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை. அந்த இரவு பயமும் இல்லை, துக்கமும் இல்லை. மிகப் பெரிய ஒன்றின் முன் நிற்பது போல இருந்தது.

மரியபுஷ்பத்தின் மரத்த கைக்குக் காரணம் மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டது என்று தெரிந்தது. ஒரு மாதம் கனமில்லாத வேலைக்கு மாற்றினேன். அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்கு இடுப்புவலி. ஒருத்திக்கு நான்கு மாதமாக நிற்காத உதிரப்போக்கு. எல்லோரும் என் இடப்பக்கம் நின்று சொன்னார்கள்.

முகம் கோணிய இருபத்து நான்காம் நாள் காலை ஆறு பத்துக்கு வலது இமை துடித்தது, பூச்சி இறகை அசைப்பது போல. நரம்பு தன் வழியைத் தானே தேடி வருகிறது என்றார் மருத்துவர். சில இழைகள் வழி தவறிவிடுமாம். அதனால்தான் இப்போதும் நான் சாப்பிடும்போது வலது கண்ணில் நீர் வருகிறது. சிரித்தால் அந்தக் கண் தானாகச் சுருங்குகிறது. அது இப்படியே இருந்துவிடலாம்.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளி அழைத்தார். நல்ல மனிதர். டெஸ்டிங் லேபில் (நூலின் தரத்தைச் சோதிக்கும் அறையில்) இடம் இருக்கிறது, சம்பளம் அதேதான், அங்கே வெளியாட்கள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். பிறகு, "எப்பம்மா முழுசா சரியாகும்?" என்று கேட்டார்.

பதினெட்டு வருடமாக அவர் எதைக் கேட்டாலும் தேதியும் நேரமும் சேர்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"தெரியாது சார்" என்றேன். "முழுசா சரியாகாமலும் போகலாம். நான் கூடத்துலயே நிக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் திருப்பிக்கொள்ளவில்லை. மேசைமேல் இருந்த பணி நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

இப்போதும் நான் இமைக்கும்போது இடது கண் முதலில் மூடுகிறது, வலது கண் ஒரு கணம் தாமதித்து மூடுகிறது. வேறு யாருக்கும் அது தெரிவதில்லை. என் உடம்பில் இப்படி ஒரு கணம் இருக்கிறது என்பதே நாற்பத்தெட்டு வருடம் எனக்குத் தெரியாது. இன்று ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் முறை அதைக் கடந்து போகிறேன். இதுவரை அதை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.