நாலு தடவைக்கு மேல் கூடாது

சிராங்கூன் சாலையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்த சாகுல் ஹமீதுக்கு, எந்த மாட்டுக்கு எவ்வளவு பிண்ணாக்கு என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். 1908-ஆம் ஆண்டு அவருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மனைவி சம்சுன்னிசாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பால் அடுத்த அறையிலேயே இருந்தது. தங்கை உம்மு சல்மா, கணவன் மௌத்தாகி விதவையானபின், ஐந்து மாதக் குழந்தை பரீதாவோடு அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் பிறப்பது ஆணென்றால் அவன் பரீதாவுக்குத்தான் என்று இரண்டு பெண்களும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். பெண் ஐந்து மாதம் மூத்தவள் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. உம்மு சல்மாவுக்கு இந்த ஊரில் வேறு நாதியில்லை. மகளுக்கு அவள் தேடிவைத்த ஒரே இடம் அது.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டார்கள். ஐந்து தடவை வயிறாரப் பால் கொடுத்தால் கொடுத்தவள் தாய், அவள் மகள் அவனுக்கு உடன்பிறந்தவள், நிக்காஹ் கூடாது என்றார். நாலு வரை பாதகமில்லை.

"அப்ப நாலு இருக்கு," என்றார் சாகுல் ஹமீது, கடையில் மிச்சமிருக்கும் மூட்டைகளைச் சொல்வதுபோல.

உம்மு சல்மா அன்றே ஒன்றைக் கொடுத்தாள்.

மறுநாள் கம்போங் கிளாமிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் வந்தாள். வீட்டோடு தங்கிப் பால் கொடுப்பதாக ஏற்பாடு. அவளுக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்பதுதான் சாகுல் ஹமீது கேட்ட முதல் கேள்வி.

"நாளைக்கு அதுங்களையும் கட்ட முடியாது பாரு," என்று தங்கைக்கு விளக்கினார். பிள்ளைக்கு அப்போது வயது இரண்டு நாள்.

நல்ல பெண். பத்தாம் நாள், கப்பலுக்குப் போயிருந்த புருஷன் வந்து அவளை ஜொகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று உம்மு சல்மா இரண்டாவதைக் கொடுத்தாள்.

அடுத்து, வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்த சீன ஆயா. டின் பாலும் சீசாவுமாக வந்தாள். சீசாவைக் கொதிக்கவைத்தாள், தரையைத் துடைத்தாள், பிண்ணாக்கு வாசனையோடு உள்ளே வந்த வீட்டுக்காரரைக் கையசைத்து வெளியே விரட்டினாள். எல்லாம் சரி. பிள்ளைதான் குடித்ததையெல்லாம் கக்கினான். மூன்று. நான்கு.

மூன்றாவது ஆளாக வந்தவள் செல்லக்கண்ணு, மாடு வளர்ப்பவரின் மனைவி. காலையில் வந்து, பால் கொடுத்து, மாலையில் போய்விடுவாள். மூன்று நாள் வந்தாள். நாலாம் நாள் அவள் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது.

அன்று நடுப்பகல், லுஹர் தொழுகை நேரத்தில் பிள்ளை அழுவதை நிறுத்தினான். அப்பாடா என்றிருந்தது சாகுல் ஹமீதுக்கு. உம்மு சல்மா எழுந்து வந்து பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"காக்கா, புள்ளைய இப்புடிக் குடுங்க," என்றாள் அண்ணனிடம்.

"சல்மா, இது அஞ்சாவது. புக்கிட் தீமா பக்கம் ஒருத்தி இருக்காளாம். ஆள் போயிருக்கு. சாயங்காலம் வந்துருவா."

"சாயங்காலம் வரைக்கும் இவன் இருக்கணுமே."

"அப்ப பரீதா?"

"பரீதாவுக்குப் பதினஞ்சு வருசம் இருக்கு. இவனுக்கு இல்ல. குடுங்க."

அவர் கொடுத்தார். பிள்ளை முதலில் வாயைத் திறக்கவில்லை. அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வயிறு நிறையக் குடித்தான். அவன் குடிக்கக் குடிக்க உம்மு சல்மா அழுதாள். மகளை நினைத்துத்தான் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. பக்கத்துப் பாயில் பரீதா கால்கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் சொன்னாள்: "நல்லாக் குடிச்சுக்க வாப்பா. ஒங்க ராத்தா பரீதாவுக்கு மாப்பிள்ளை தேடுற வேலை இனிமே ஒன் தலையிலதான்."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அவன் வீடே அதிர அழுதான். ஆறாவதை யாரும் எண்ணவில்லை.