அப்பாவின் குரலும் ஆத்தாவின் பல்லும்

அப்பா செத்த செய்தி வந்தபோது நான் கந்தர்வக்கோட்டையில், புகுந்த வீட்டில், உலை வைத்துக்கொண்டிருந்தேன். செய்தி கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க்காரர். வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் அழுவதற்கு முன்னால் அவர் அழுதார். "இனிமே அந்தக் கொரலை எங்கிட்டுப் போயிக் கேக்குறது தாயி?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துத் தெருவில் தள்ளலாம் போல இருந்தது. உலையை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் இன்னார் மகள் என்று தெரிந்ததும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். புதுக்கோட்டை வரும்வரை பஸ் முழுக்க அப்பா பேச்சுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு யாராவது வருகிறார்கள். நாலு வார்த்தை என்றால் அவர்களுக்குப் பிடித்த நாலு வார்த்தை. நான் என்னுடைய வார்த்தைகளைச் சொல்கிறேன்.

அப்பா நாடகத்தில் ராஜபார்ட். பாடுவதற்கென்றே பிறந்தவர் என்பார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில்தான் எனக்கு விவரம் தெரிய ஆரம்பித்தது. அப்போதே அவர் பெரிய ஆள். அரிமளம் பக்கம் எந்தக் கோயில் திருவிழாவானாலும் அவர் வந்தால்தான் திருவிழா. மைக் இல்லாத ஊரிலும் கடைசி ஆள் காதுவரை போகும் குரல். கம்பிப் பதத்தில் எடுத்த வெல்லப்பாகு மாதிரி இழுக்க இழுக்க அறுந்துபோகாமல் வரும். பாடி முடித்ததும் "ஒன்ஸ்மோர்" என்று சனம் கத்தும். அப்பா தாளத்துக்குச் சப்ளாக்கட்டையை விரலில் மாட்டிக்கொண்டு, சிரித்து, அதே இடத்தை மறுபடி பாடுவார். எனக்கும் உடம்பு சிலிர்த்திருக்கிறது. அது நல்ல குரல். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

ஆனால் அந்தக் குரலை வீட்டில் எங்களுக்காக அவர் எடுத்ததில்லை. வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது கையை மட்டும்தான். காலையில் கழுத்தில் வாடிய மாலையோடு வருவார், தூங்குவார், மத்தியானம் எழுந்து ஆத்தாவை அடிப்பார். சோறு ஆறிப்போனால் அடி, சூடாக இருந்தால் அடி, ஏன் பேசவில்லை என்று அடி, பேசினாள் என்று அடி. கைதட்டல் நிறைய வாங்கிய மறுநாள் அடியும் நிறைய விழும். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள ஆசையும் இல்லை. ஆத்தாவின் தலை சுவரில் மோதும் சத்தம் எனக்குத் தெரியும். பூசணிக்காய் தரையில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் மாட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆத்தாவும் பாடுவாள். பாடுவாள் என்றா சொன்னேன், பாடிக்கொண்டிருந்தாள். அவள் நலங்கு பாடியதை ஒரு கல்யாண வீட்டில் கேட்டுத்தான் அப்பா பெண் கேட்டு வந்தாராம். தாலி ஏறிய பிறகு அவள் வாயைத் திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என் தம்பியைத் தூங்கவைக்கத் தாலாட்டு பாடினாள். தெருவில் போன ஒருத்தி நின்று கேட்டுவிட்டு, "பாட்டுக்காரு வீட்டுல அவுகளை விட இவுகளுக்கில்ல நல்ல கொரலு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லெண்ணத்தில் சொன்னாள், பாவி. உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். கையில் சப்ளாக்கட்டை. ஓங்கி வாயில் ஒரே அடி. மேல்வரிசை முன்பல் தெறித்து முறத்து அரிசிக்குள் விழுந்தது.

"ஒரு வீட்டுக்கு ஒரு கொரலு போதும்" என்றார் அப்பா.

ஆத்தா அழவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, ரத்தம் பட்ட அரிசியைத் தனியாக ஒதுக்கினாள். கல்லைப் பொறுக்குவது போலவே அந்தப் பல்லையும் பொறுக்கி வெளியே போட்டாள். அன்றிலிருந்து அப்பா இருந்தவரை அவள் பாடி நான் கேட்கவில்லை.

விஷயம் எப்படியோ அவள் பிறந்த ஊருக்குப் போய்விட்டது. மாமா அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். ஆத்தாவுக்கு மூத்தவர், ஆறடி ஆள், வேலி முள்ளை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவர். "எங்கடா அவன்?" என்று அவர் கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. இன்றைக்கு அப்பாவை வெட்டிவிடுவார் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். அப்பா பதறவில்லை. "வாங்க மச்சான், வெயில்ல வந்திருக்கீக, ஒக்காருங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தார். அண்ணன் தங்கையைப் பற்றிய பாட்டு, அதுவும் உருக்கமான மெட்டில். பாதிப் பாட்டில் மாமா அரிவாளைத் தரையில் வைத்தார். முடிவதற்குள் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோழி அடித்து, சோறு வடித்து, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆத்தா வீங்கிய வாயோடு பரிமாறினாள். ஒரு கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மற்ற கையால் பரிமாறினாள். அண்ணன் முன்னால் அப்படியொரு அடக்கம் போல என்று நினைத்தேன். போகும்போது மாமா, "நல்ல மனுசன்தான், கொஞ்சம் கோவக்காரரு. அனுசரிச்சுப் போத்தா" என்றார்.

ஊர்ப் பஞ்சாயத்தும் அப்படித்தான் முடிந்தது. விசாரிக்கக் கூடியவர்கள், கலையும்போது நேயர் விருப்பம் கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இது ஒரு வியாதி. பாட்டைக் கேட்டால் போதும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். அப்பாவை முற்றத்துப் பந்தலில் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் சப்ளாக்கட்டை. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் வாய்க்கட்டு. அந்த வாய் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று அழுகையும் வந்தது.

பந்தலுக்கு வெளியே சண்டை ஆரம்பித்திருந்தது. டவுனிலிருந்து நாடகக்காரர்கள் அரிதாரப் பெட்டியோடு வந்திருந்தார்கள். ராஜா வேஷம் போட்டு, கிரீடம் வைத்து, தங்கள் தோளில்தான் தூக்குவோம் என்றார்கள். "செத்த பொணத்துக்கு வேசமா? எங்க ஊரு ஆளை நாங்கதான் தூக்குவோம்" என்றார்கள் ஊர்க்காரர்கள். ஒருவன் கிரீடத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தான். அதற்குப் பதிலாக அவன் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. அப்புறம் வேலிக் கம்பு, பாடைக்கு வெட்டி வைத்திருந்த மூங்கில், பந்தல்கால், எல்லாம் ஆயுதமானது. ஒருவர் மண்டை பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. பறை அடிக்க வந்தவர்கள் பறையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். பந்தலின் ஒரு பக்கம் சரிந்து அப்பாவின் மடியில் விழுந்தது. அத்தனையும் பாசத்தினால்.

உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை. "கட்டுனவ ஒரு ஒப்பாரிகூடச் சொல்லலையே" என்று பக்கத்தில் முணுமுணுப்பு. எங்கள் ஊரில் ஒப்பாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் எதைச் சொல்லி அழுதாலும் யாரும் குறுக்கே பேசக் கூடாது. பிறகு அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மாமியார் கொடுமை, பங்காளி வஞ்சனை எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். ஆத்தாவுக்கு வாய்த்தது அந்த ஒரு மத்தியானம்தான். தூக்கிவிட்டால் முடிந்தது, அப்புறம் காலமெல்லாம் அவள் மகா பாடகரின் விதவை.

நான் அவள் காதருகே குனிந்து, "இன்னைக்கு விட்டா என்னைக்கு ஆத்தா சொல்லப்போறே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மடியைத் தட்டிக்கொண்டு எழுந்து, அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அரிசி மொறத்துலதான் என் ராசா
அள்ளிவச்ச என் பல்லு
கல்லோட கல்லாக என் ராசா
கழிச்சுவிட்ட என் பல்லு
ஊரெல்லாம் ஒன் பாட்டு என் ராசா
ஒடம்பெல்லாம் ஒன் தழும்பு"

பல் போன இடைவெளியில் காற்று வந்தும் அந்தக் குரல் சிதறவில்லை. இத்தனை வருஷம் அது எங்கே இருந்ததோ. வெளியே ஓங்கிய மூங்கில் ஓங்கியபடி நின்றது. மண்டை உடைந்தவர் ரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்து தேம்பினார். சண்டை நின்றுவிட்டது. எல்லோரும் பந்தலுக்குள் வந்து நெருக்கி நின்றார்கள். கேட்டுவிட்டார்கள், கேட்டேவிட்டார்கள் என்று என் மனசு குதித்தது.

நாடகக்காரர்களில் மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவுக கொரலே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு. எப்பிடிப் பழக்கி வச்சிருக்காக பாருங்க." பிறகு ஆத்தாவைப் பார்த்துக் கும்பிட்டு, "தாயி, அந்தப் பல்லு வர்ற எடத்தை இன்னொரு வாட்டி பாடுங்க" என்றார். பின்னாலிருந்து எவனோ, பழக்க தோஷம், "ஒன்ஸ்மோர்" என்றான்.

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அப்பாவின் பக்கத்திலிருந்த சப்ளாக்கட்டையை எடுத்து அந்த மூத்தவரின் வாயில் அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் அவருடைய வெள்ளை ஜிப்பாவில் சொட்டியது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது நாலு பேர் என்னைப் பிடித்தார்கள். ஒருவன் என் முடியைப் பற்றி இழுத்தான், அவன் கையைக் கடித்தேன். அப்பாவின் கை எனக்கு வந்திருக்கிறது, குரல் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

"அவளை விடுங்க" என்றாள் ஆத்தா.

விட்டார்கள். அவள் எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி கேட்டீகள்ல, கேளுங்க. பாட்டாச் சொன்னா ஒங்களுக்குக் காது கேக்காது. பேச்சாச் சொல்றேன். இந்தா, எம் மக கையில இருக்கே, இந்தக் கட்டையாலதான் என் பல்லைத் தட்டுனாரு. புள்ளைக்குத் தாலாட்டு பாடுனதுக்கு. என் காது ஒண்ணு கேக்காது, அது செவுத்துல முட்டுனது. ரெண்டு புள்ளை வயித்துலேயே போச்சு, அது ஒதச்சது." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கூட்டத்துக்குள் கோடித் துணியோடு நின்ற மாமாவைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க அருவாளோட வந்தீகளே, அன்னைக்கு என் எடது கை ஒடஞ்சிருந்துச்சு. முந்தானைக்குள்ள வச்சிருந்தேன். நீங்க பாட்டுக் கேட்டீக. ஒங்களுக்கு அந்தச் சோத்தை நான் ஒத்தக் கையால வடிச்சேன்."

பிறந்த வீட்டுக் கோடியைத் தங்கைக்குப் போர்த்த வேண்டிய மாமா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஆத்தா நடந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கித் தானே போர்த்திக்கொண்டாள்.

சரிந்த பந்தலை யாரோ நிமிர்த்தினார்கள். யார் தூக்குவது என்ற பேச்சே எழவில்லை. தம்பி கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடக்க, கிட்ட நின்றவர்கள் தூக்கினார்கள், வேகமாகவே தூக்கினார்கள். ஆத்தா வாசல்வரை வந்து, கூட்டத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றாள். இந்தத் தடவை யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை.