பின்சீட் இல்லாத வண்டி

செவ்வாய்க்கிழமை காலை சூரமங்கலத்தில், என் பட்டறையில், ஒரு காரின் அடியில் படுத்திருந்தேன். போன் விடாமல் அடித்தது. திருச்செங்கோட்டிலிருந்து ருக்மணி அக்காவின் மகன். "அம்மா போயிட்டாங்கண்ணா." அப்படியே கிடந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ரிக் வண்டிகளின் முதலாளி. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகளைக் கணவர் காலமான பிறகு தனியாகவே நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டியபின், இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? நானும் எதற்கு அக்கா இது என்று கேட்டேன். "இதுல பின்சீட்டே இல்லீங்க தம்பி. என்னை யாரும் பின்னால உக்கார வெக்க முடியாது பாருங்க" என்றார்.

கிளட்ச் தேய்ந்ததும் வண்டி என்னிடம் வந்தது. கிளட்ச், பிளைவீல் இரண்டையும் எடை குறைந்ததாகப் போடச் சொன்னார். பிளைவீல் என்பது எஞ்சினோடு சுற்றும் இரும்புச் சக்கரம். அதன் கனத்தில்தான் எஞ்சின் சீராக ஓடும். கனம் குறைந்தால் மிதித்ததும் சீறும். கொஞ்சம் அசந்தால் அணைந்துவிடும். நான் வாங்கிய கிளட்ச்சுக்குப் பெடலும் கெட்டி. நம் ரோட்டுக்கு ஆகாது என்று தலைகீழாக நின்று பார்த்தேன். "தொழிலு, ஊடு, எல்லாமே கனமாத்தான் கெடக்குது. இதுலயாச்சும் கொறைங்க" என்று முடித்துவிட்டார்.

மாட்டிய அன்று அவரே ஓட்டினார். வாசலிலேயே அணைந்தது. மறுபடியும் அணைந்தது. லாரியில் பழகியவர்கள் செய்யும் தவறுதான்: ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் விடுவது. லாரி அதற்கே நகரும், இது நகராது. "லாரிக்காரி புத்தி போகுதா பாருங்க" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் எடுத்தார் பாருங்கள், புதுச்சத்திரம் வரை என் உயிர் என்னிடம் இல்லை.

பிறகு நோய் வந்தது. இடது காலில் பலம் போயிற்று. கடைசியாகப் பட்டறைக்கு வந்தபோது பெடல் பாதிதான் இறங்கியது. முன்பிருந்த மாதிரி சாதாரணக் கிளட்ச்சே மாட்டித் தருகிறேன், மிதிக்க லேசாக இருக்கும் என்றேன். "வேண்டாங்க. என்ற காலுக்காக வண்டியைக் கெடுக்காதீங்க." சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தவர், இறங்கிச் சுற்றி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார். "நீங்களே ஓட்டுங்க தம்பி." அவர் வீடு வரை நான் ஓட்டினேன். எனக்கு அன்றைக்கே அழுகை வந்தது.

அதன்பின் தினமும் சாயங்காலம், ஷெட்டில் நின்ற காரில் ஏறி, கிளப்பாமலே உட்கார்ந்திருப்பாராம்.

காரியம் முடிந்ததும் மகன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அம்மாவைத் தவிர ஊட்ல யாரும் இதைத் தொட்டதில்லீங்கண்ணா. இந்த லேசான பிளைவீலோட எனக்கு ஓட்ட வராது. பழைய சக்கரத்தையே போட்டுருங்க." நியாயம்தான்.

"ஒருக்கா ஓட்டிப் பாருங்க சாமி, அப்புறம் கழட்டிக்கலாம்" என்றேன்.

ஆறடி ஆள். சீட் அக்காவின் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்தபடியே இருந்தது. ஏறியதும் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். கீழே லீவருக்குப் போன கை அங்கேயே நின்றது.

"இருக்கட்டுங்கண்ணா."

மடங்கி உட்கார்ந்தபடியே கிளப்பினார். பட்டறை வாசலிலேயே வண்டி அணைந்தது. அவர் மறுபடி சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார்.

போய் வாருங்கள், அக்கா. வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. அந்தச் சக்கரத்தைக் கழற்றக் கை வரவில்லை.