மணல்மேல் படிந்த ஏடு

மாதம்மாள் வீட்டுக்குப் போகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டு நுழைவது நல்லது. கழுவாமல் போனால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். நீங்கள் கிளம்பிய பிறகு நீங்கள் நடந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துச் சாணி போட்டு மெழுகுவாள். அதைத் திரும்பிப் பார்த்துவிட்ட ஒருவரும் இரண்டாம் முறை அழுக்குக் காலோடு அங்கே போனதில்லை. ஜவ்வாது மலையில் முப்பது வீடு உள்ள அந்த ஊரில் அவளுக்குக் ‘கழுவுற மாதம்மா’ என்றே பெயர் நின்றுவிட்டது. சாமை புடைப்பதற்கு முன் முறத்தைக் கழுவுவாள், புடைத்த பிறகும் கழுவுவாள். மாட்டைக் கழுவிவிட்டு, மாடு கட்டின முளைக்குச்சியையும் கழுவுவாள்.

ஊர் சிரித்தது. காரணம் தெரியாமல் சிரித்திருந்தால் மன்னித்துவிடலாம், தெரிந்தேதான் சிரித்தது. அவளுக்கு முதலில் பிறந்த பையன் ஏழு மாதத்தில் போய்விட்டான். அடுத்தது பெண். ஒன்றரை வயசு, நடக்க ஆரம்பித்து வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டுமே ஐப்பசி மழையில் வயிற்றால் போய், இரண்டே நாளில் துவண்டு, மடியிலேயே அடங்கிவிட்டன. இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று, ஓரகத்தி ரஞ்சிதம், அதாவது மாதம்மாளின் புருஷன் கோபால்சாமியின் அண்ணன் பெண்டாட்டி, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னாள்.

“வூட்ட சுத்தமா வெச்சிருந்தா புள்ள ஏன் போவுது?”

உள்ளே சுருண்டு கிடந்த மாதம்மாள் காதில் அது விழுந்தது. ரஞ்சிதத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளமே தவிர, கெட்ட மனசு இல்லை. சொன்னவள் மறந்தும் போனாள். கேட்டவள் மறுநாள் விடியற்காலையில் எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். ஒன்பது வருஷமாகக் கீழே வைக்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து வடிவு பிறந்தாள். ஐப்பசி வந்தால் மாதம்மாளுக்குச் சோறு இறங்காது. குழந்தை ஒருமுறை கூடுதலாக ஒதுங்கினாலும் இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஊருக்கு மேலே பாறை இடுக்கில் இருந்த சுனையில்தான் எல்லாரும் தண்ணீர் எடுத்தார்கள். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அதையும் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து வடிகட்டித்தான் வடிவுக்குக் கொடுத்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் கோபால்சாமி புளி விற்கக் கண்ணமங்கலம் போனான். மண்டியில் தரை பூசிக்கொண்டிருந்த கண்ணாயிரம் என்கிற கொத்தனாரோடு பேச்சுக் கொடுத்தான். கண்ணாயிரம் ஏதோ ஒரு டவுனில் குடிதண்ணீர்த் தொட்டிகளுக்குச் சிமெண்ட் பூசியவர். பெரிய தொட்டி, அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், மணல் வழியாக இறங்கும் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது என்றார். சின்னதாக ஒரு வீட்டுக்கும் கட்டலாம், புள்ளைங்களுக்கு வயித்து நோவு வராது என்றார். கோபால்சாமி அன்று உப்பு வாங்க மறந்து வீட்டுக்கு வந்தான்.

“குடிக்கிற தண்ணிக்கு மட்டும் ஒரு சின்னத் தொட்டி போதும்னு சொல்றாரு” என்றான்.

“குடிக்கிறதுக்கு மட்டும் வெச்சி இன்னா பண்றது?” என்றாள் மாதம்மாள். “தட்டு கழுவுறது எந்தத் தண்ணி? அவ வாய் கொப்புளிக்கிறது எந்தத் தண்ணி? குளிக்க ஊத்தும்போது நாலு வாய் முழுங்குறா. வூட்டுக்குள்ள வர்ற தண்ணி மொத்தமும் அதுல பூந்து வரணும்.”

“மாடு குடிக்கிறதுமா?”

“அவ மாட்டுத் தொட்டிலதான கைய வுட்டு அளையறா.”

அவளோடு வாதாடி ஜெயித்த நாள் கோபால்சாமி ஞாபகத்தில் ஒன்றும் இல்லை.

மலையில் எல்லாம் கிடைக்கும், ஆற்றுமணல் மட்டும் கிடைக்காது. படவேட்டுக்கு இறங்கி, ஆற்றில் சலித்து, மூட்டை கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பங்குனி முழுக்கக் கோபால்சாமி புளியோடு இறங்கினான், மணலோடு ஏறினான். மற்றவர்கள் உப்பும் மிளகாயும் துணியும் கொண்டுவரும் பாதையில் ஒருத்தன் மண்ணைச் சுமந்து வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? “மலைல மண்ணு தீந்துபோச்சா கோபாலு?” என்று கேட்டார்கள். அவன் கழுத்து வலியில் தலையாட்டவும் முடியாமல் போய்க்கொண்டிருந்தான். மாதம்மாள் ஒவ்வொரு மூட்டையையும் வாங்கி, ஏழு தண்ணீரில் அலசி, பாயில் காயப் போட்டாள். அரிசியை அவ்வளவு அலசினால் கஞ்சிகூட மிஞ்சாது.

கண்ணாயிரம் சித்திரையில் வந்து பத்து நாள் தங்கிக் கட்டினார். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கருங்கல் தொட்டி, மேலே தகரமூடி. சுனையிலிருந்து கருப்பு ஓஸ் பைப்பில் தண்ணீர் சன்னமாக வந்து விழும். மணலில் இறங்கி, பக்கத்துத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து வீட்டுக்கு வரும். அடுப்படியில் ஒரு குழாய், துவைகல்லுக்கு ஒன்று, மாட்டுத் தொட்டிக்கு ஒன்று. அந்த மலையூரில் அடுப்படிக்குள் குழாய் திறந்த முதல் பெண் மாதம்மாள்தான். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அழுதாள் என்று கோபால்சாமி பிற்பாடு எல்லாரிடமும் சொல்லுவான், அவள் இல்லை என்பாள்.

கிளம்பும்போது கண்ணாயிரம் கோபால்சாமியை மட்டும் தொட்டியண்டை அழைத்துப்போய் என்னென்னவோ சொன்னார். மாதம்மாள் அப்போது அவருக்குக் கட்டிக் கொடுக்கப் பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அந்தப் பலாவை விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

“இன்னா சொன்னாரு?”

“மேல கைய வெக்காதீங்கன்னாரு.”

சிமெண்ட் காயவேண்டும் என்பதற்காகச் சொன்னதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். முழுசாகக் கேட்டுக்கொண்டு வருவது கோபால்சாமியின் வழக்கம் இல்லை.

ஆடியில் மழை வந்தது, வடிவுக்கு ஒன்றும் இல்லை. ஆவணி, புரட்டாசி போயிற்று, ஒன்றும் இல்லை. மாதம்மாள் கொஞ்சம் சதை போட்டாள். ஐப்பசி முதல் வாரத்தில் வடிவுக்குக் காது குத்தினார்கள். உறவு மொத்தமும் வந்தது. எல்லாரும் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்கள். ரஞ்சிதம் குழாயோடு நிற்கிறவள் இல்லை. பின்னால் போய்த் தகரமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். மணல்மேல், கலங்காத தண்ணீருக்கு அடியில், பழுப்பும் பச்சையுமாக ஏதோ வழவழவென்று படர்ந்து கிடந்தது.

“அய்ய, இந்தக் கருமத்தையா மாதம்மா நாங்க குடிச்சிக்கினு கீறோம்?” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “ஊர மெழுகுறவ தொட்டிய வந்து பாருங்கடி.”

பத்துப் பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தம்ளரைக் கீழே வைத்தாள். மாதம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் கேட்ட அந்த வார்த்தையை, ரஞ்சிதம் இப்போது சொல்லாமலே, அவள் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் உறவெல்லாம் போனதும் தொட்டிக்குள் இறங்கினாள். அந்தப் பாசியை ஒன்று விடாமல் வழித்து வேலி ஓரம் கொட்டினாள். மேல்மணலை முழங்கை ஆழம் அள்ளி அலசிப் போட்டாள். சுவரைத் தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாள். பொழுது சாயும்போது தொட்டி புதுசாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

ஆறாம் நாள் வடிவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மதியத்துக்குள் பதினான்கு முறை. கண் குழி விழுந்துவிட்டது. மாதம்மாளுக்கு அந்த முகம் பழக்கமான முகம், இரண்டு தரம் பார்த்திருக்கிறாள். குழந்தையைப் புடவையால் முதுகில் கட்டிக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினாள். கோபால்சாமி பின்னாலேயே ஓடினான். படவேட்டில் பஸ் பிடித்துக் கண்ணமங்கலத்தில் டாக்டர் வீட்டுத் திண்ணையை மிதிக்கும்வரை, முதுகில் மூச்சு படுகிறதா படுகிறதா என்பது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வடிவு பிஸ்கட் கேட்டாள். அன்றுதான் சேதி கேள்விப்பட்டுக் கண்ணாயிரம் ரொட்டியோடு பார்க்க வந்தார்.

“தொட்டித் தண்ணி குடுத்துமா இப்படி ஆச்சு?” என்றார்.

“அது உங்க தப்பு இல்லீங்கண்ணே. பாசி புடிச்சிப் போயிருந்தது. நான்தான் பாத்து, மொத்தமும் வழிச்சிக் கழுவி, சுத்தமா வெச்சிட்டேன்.”

கண்ணாயிரம் கோபால்சாமியைப் பார்த்தார். கோபால்சாமி கட்டில் காலைப் பார்த்தான்.

“அத தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுதான வந்தேன் தங்கச்சி. மணலு சும்மா தாங்கி நிக்கிறது. அந்தப் பாசி ஏடுதான் வேல செய்யுது. தண்ணில கண்ணுக்குத் தெரியாத கெடுதல் எல்லாத்தையும் அதான் புடிச்சித் தின்னுது. அது உண்டாவ மூணு வாரம் ஆவும். எடுத்துட்டா நீ சுனைலேர்ந்து நேரா மொண்டு குடுத்த மாரிதான்.”

“சுனைத் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குமேண்ணே.”

“இருக்கும்மா. கண்ணாடியாட்டம் இருந்தா நல்ல தண்ணின்னு அர்த்தமா?”

மாதம்மாள் ரொட்டியைப் பிரித்து வடிவுக்குக் கொடுத்தாள். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் அவள் மொண்டு கொடுத்ததும் அதே சுனைத் தண்ணீர்தான். அப்படியானால் வீடு அழுக்காக இருந்து அதுகள் போகவில்லை. ஒன்பது வருஷம் தேய்த்ததெல்லாம் செய்யாத குற்றத்துக்கு. இதை நினைத்ததும் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தக் குற்றம் தன்மேல் இல்லை என்று காட்டத்தானே தொட்டிக்குள் இறங்கினாள், இறங்கி மூன்றாவதையும் தன் கையாலேயே அனுப்பப் பார்த்தாளே. கட்டிலில் தலையைச் சாய்த்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, வாய்விட்டு அழுதாள். வடிவு ரொட்டியை அவள் வாயில் திணிக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபின் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தாள். விடிந்ததும் முதல் வேலை தகரமூடியைத் தூக்குவது. வெறும் மணல். மறுநாளும் வெறும் மணல். வாசல் பெருக்க மறந்தாள். அதை ஊரே வந்து பார்த்தது. பன்னிரண்டாம் நாள் மணல்மேல் ஒரு மங்கல் தெரிந்தது. கோபால்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் ஒன்றும் தெரியவில்லை என்றான். இருபத்தோராம் நாள் அவனுக்கும் தெரிந்தது.

“உம் புள்ள பொறந்துடுச்சி போ” என்றான். அவள் மூடியைப் பதமாக மூடினாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் கண்ணாயிரம் மலைக்கு மறுபடியும் வந்து, ரஞ்சிதம் வீட்டில் ஒரு தொட்டி கட்டினார். ரஞ்சிதத்தின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் கணக்குத் தப்பி, தொட்டி முடிந்த மறுநாளே பிள்ளை பிறந்துவிட்டது. ஐப்பசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அன்று மாதம்மாள் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வாசலில் ரஞ்சிதம் நின்றாள். காலைக் கழுவியிருந்தாள். கையில் ஒரு கொட்டாங்குச்சி.

“வெளக்கு வெச்சப்புறம் வந்து கேக்கறேன்னு நெனச்சிக்காத. கொத்தனாரு சொன்னாரு, பழைய தொட்டிலேர்ந்து கொஞ்சம் பாசி எடுத்துப் போட்டா சீக்கிரம் புடிச்சிக்குமாம். பால்ல மோரு உடுற மாரி.”

விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடும் என்பார்கள். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று அவர்களுக்குள் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைத் திருப்பிச் சொல்ல மாதம்மாளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நாக்கு நுனிவரை வந்தது என்று அவளே ஒத்துக்கொள்வாள். உள்ளே வடிவு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுகிற சத்தம் கேட்டது.

லாந்தரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மூடியைத் தூக்கி, ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும், பால் ஏடு எடுப்பதுபோல நோகாமல் வழித்து, கொட்டாங்குச்சியில் விட்டுக் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினாள்.

“யாரு வந்து இன்னா சொன்னாலும் இதுமேல கைய வெக்காதீங்கக்கா” என்றாள்.

ரஞ்சிதம் கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னவளே நான்தான” என்றாள். “அன்னிக்கும் நான்தான சொன்னேன்.”

அவள் எந்த நாளைச் சொன்னாள் என்று மாதம்மாள் கேட்கவில்லை. “புள்ள அழும், போங்கக்கா” என்றாள். ரஞ்சிதம் கொட்டாங்குச்சியை முந்தானையால் மூடி, ஒரு சொட்டும் சிந்தாமல் அடிமேல் அடி வைத்து நடந்தாள். அவள் வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை மாதம்மாள் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.